ஓட்டையும் துண்டும்: குதிரைப் பல் பிடுங்கும் இரு வழிகளும் அவற்றின் பின்விளைவுகளும்

மனிதனுக்குப் பல் போனால் சொல் போகும் என்பார்கள். குதிரைக்குப் பல் போனால் புல் போகும். மேய்ச்சலில் விட்டால் நாளில் பாதிக்கு மேல் மென்றுகொண்டே இருக்கும் பிராணி அது. ஆனாலும் வேரில் சீழ் பிடித்த கடைவாய்ப்பல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக மெல்ல முடியாது. சீழ் தானாக வற்றுவதும் அரிது. கடைசியில் பல்லை எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

எடுப்பதற்குப் பெரிய வழிகள் இரண்டு. முதலாவது, தாடையெலும்பில் துளை போட்டு, வேரின் அடியில் உளியை வைத்துத் தட்டிப் பல்லை வாய்க்குள் தள்ளுவது. இரண்டாவது, வாய் வழியாகவே குறடு பூட்டி, மெல்ல மெல்ல அசைத்துத் தளர்த்தி எடுப்பது. எது சுலபம், எது வேகம், எது செலவு குறைவு என்று இரண்டையும் ஒப்பிடலாம். ஆனால் பல் வெளியே வந்தபின் என்ன கெடுகிறது, கெட்டதைச் சரிசெய்ய மறுபடி கத்தியை எடுக்கும்போது வேலை எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் இரண்டின் குணமும் சரியாகத் தெரியும்.

இரண்டுமே தவறும். தவறும் விதம்தான் வேறு. தட்டித் தள்ளுவது பெரும்பாலும் ஓட்டையை விட்டுவிட்டுப் போகும். அசைத்து எடுப்பது பெரும்பாலும் துண்டை விட்டுவிட்டுப் போகும். ஓட்டையை மூட வேண்டும், துண்டை எடுக்க வேண்டும். இரண்டில் எது எளிது என்பதில்தான் கடந்த நாற்பது ஆண்டுகளில் குதிரைப் பல் மருத்துவம் திரும்பிய திசையின் காரணம் இருக்கிறது.

பல்லின் பிடிவாதம்

குதிரையின் கடைவாய்ப்பல் நம்முடையதைப் போல ஒருமுறை முளைத்து நின்றுவிடுவதில்லை. வாய்க்குள் தெரிவது சிறு பகுதி. மீதி தாடைக்குள் கையிருப்பாக இருக்கிறது. புல்லில் உள்ள சிலிக்காவும் அதோடு வரும் மண்ணும் மேற்பரப்பைத் தேய்க்கத் தேய்க்க, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை அந்தக் கையிருப்பு வெளியே வந்துகொண்டிருக்கும். இளம் குதிரையின் பல்லை முழுசாக எடுத்து மேசைமேல் வைத்தால் 7, 8 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வயதான குதிரையில் அதே பல் பாதிக்கும் குறைவான நீளத்துக்குத் தேய்ந்திருக்கும். ஆகவே இளங்குதிரையின் பல் எடுக்கக் கடினம். கிழக்குதிரையின் பல் எடுக்கச் சுலபம், ஆனால் சொத்தையாகவோ பிளந்தோ இருந்தால் கைபட்டதும் நொறுங்கும்.

ஒரு வரிசைக்கு ஆறு, நான்கு வரிசைக்கு இருபத்துநான்கு கடைவாய்ப்பற்கள். மருத்துவர்கள் ஒவ்வொரு வரிசையையும் முன்னிருந்து பின்னாக 6 முதல் 11 வரை எண்ணிட்டு அழைக்கிறார்கள். ஆறும் நெருக்கமாக ஒட்டி நிற்பதால் ஒரே பெரிய அரைக்கல்லாக வேலை செய்கின்றன. அந்த நெருக்கம்தான் மருத்துவருக்கு முதல் எதிரி. கருவியை நுழைக்க இடுக்கே இருக்காது.

பல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துச் சிக்கலும் மாறும். மேல்வரிசையில் 6, 7ஆம் பற்களின் வேர்கள் மூக்குப்பாதையை ஒட்டிய எலும்புக்குள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உள்ளவற்றின் வேர்கள் மேல்தாடைச் சைனஸுக்குள் புடைத்து நிற்கின்றன. இடையில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே. அந்த வேர்களில் சீழ் பிடித்தால் சைனஸ் கெடும். ஒரு பக்க மூக்குத் துளையிலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி வழிந்தால் அனுபவமுள்ள மருத்துவர் முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பார். மேல் 9ஆம் பல் ஒரு வயதிலேயே முளைப்பது. நிலைப்பற்களில் மூத்தது என்பதால் அதன் நடுக்குழிகளில் சொத்தை விழுந்து பிளப்பது அதிகம். கீழ்த்தாடையில் கதை வேறு. இளங்குதிரைகளில் 7, 8ஆம் பற்களின் வேரில் தொற்று வந்து, தாடையின் கீழ்விளிம்பு வீங்கி, தோலைப் பொத்துக்கொண்டு சீழ் கசியும்.

தட்டித் தள்ளும் வழி

இந்த முறையில் குதிரை முழு மயக்கத்தில் பக்கவாட்டில் கிடக்கும். எக்ஸ்ரேயில் வேரின் இடத்தைக் குறித்து, அதற்கு நேரே தோலைக் கீறி, எலும்பில் வட்டத் துளை போடுவார்கள். உளியின் முனை வேரில் உட்கார வேண்டும். உளியின் போக்கு பல்லின் போக்கோடு ஒத்திருக்க வேண்டும். மருத்துவர் ஒரு கையை வாய்க்குள் விட்டு அந்தப் பல்லின் தலையைத் தொட்டுக்கொண்டிருப்பார். உதவியாளர் சுத்தியலால் அடிக்க அடிக்க, அந்த அதிர்வு சரியான பல்லில் வருகிறதா, பக்கத்துப் பல்லில் வருகிறதா என்று விரல்தான் சொல்லும். இந்தக் கட்டத்தில் விரலைவிட நம்பகமான சாட்சி இல்லை.

குறி தப்புவது எளிது. பின்பற்களின் வேர்கள் பின்னோக்கி வளைந்தவை, உளி நேரானது. கடைசிப் பல்லின் வேர் கண்குழிக்கு அருகில் இருப்பதால் நேர்வழியே கிடைக்காது. மேல்தாடையில் கண்ணீர் போகும் குழாயும் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் துளை போடும் இடத்துக்கு அருகில் ஓடுகின்றன. கீழ்த்தாடையின் பின்பகுதியைப் பெரிய மெல்லும் தசை மூடியிருக்கிறது. உளி சற்றே விலகினால் பக்கத்துப் பல்லின் வேர் உடையும். பல்குழியின் சுவர் நொறுங்கும். அண்ணத்து எலும்பு விரிசல் விடும். அரிதாகத் தாடையே முறியும்.

இவற்றோடு மயக்கத்தின் ஆபத்தும் சேர்கிறது. அரை டன் எடையுள்ள பிராணியை மணிக்கணக்கில் கிடத்தினால் தசை நசுங்கும். தெளிந்து எழுந்திருக்கும்போது தடுமாறிக் கால் முறியும். 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, வயிற்றுவலி அறுவைகளை விலக்கிப் பார்த்தால்கூட, முழு மயக்கம் கொடுக்கப்பட்ட குதிரைகளில் 100க்கு ஏறத்தாழ ஒன்று இறந்ததாகக் கணக்கிட்டது. நாய்க்கும் பூனைக்கும் இந்த எண் இதைவிட வெகு குறைவு.

இவ்வளவு குறையுள்ள முறை எப்படிப் பல பத்தாண்டுகள் கோலோச்சியது? அதற்கு முன்னால் இருந்தது வாய்வழி முறைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்ற குதிரையின் வாயில் குறடு போட்டு இழுப்பது வழக்கமாக இருந்தது. வலிக்கு நல்ல மருந்து இல்லாத காலம். குதிரைக்கும் ஆளுக்கும் அது போராட்டமாகவே இருந்திருக்கும். நம்பத்தகுந்த முழு மயக்கம் வந்ததும், குதிரை அசையாமல் கிடக்கும் வசதிக்காக மருத்துவர்கள் உளிக்கு மாறினார்கள். விளைவுகளை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்தபோதுதான் விலை தெரிந்தது. பிரிச்சர்ட், ஹேக்கெட், எர்ப் ஆகிய மூவர் இம்முறையில் பல் எடுக்கப்பட்ட 61 நிகழ்வுகளின் நீண்டகால விளைவை 1992இல் தொகுத்து வெளியிட்டார்கள். மறுசிகிச்சை தேவைப்படுவது இம்முறையில் விதிவிலக்கல்ல என்பது அக்காலத்து அனுபவங்களிலிருந்து தெளிவானது.

அசைத்து எடுக்கும் வழி

1980களில் டெடோமிடின் போன்ற மருந்துகள் புழக்கத்துக்கு வந்தன. குதிரை நின்றபடியே தலையைத் தொங்கவிட்டு அரைமயக்கத்தில் இருக்கும். சொட்டுச்சொட்டாக ஏற்றினால் மணிக்கணக்கில் அப்படியே வைத்திருக்கலாம். கூடவே தாடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டால் வலி தெரியாது. கைவிடப்பட்ட வாய்வழி முறை திரும்ப வந்தது இப்படித்தான். எடின்பரோவில் பி.எம். டிக்சனும் அவருடைய குழுவினரும் 1998 முதல் 2003 வரை 100 குதிரைகளுக்கு நின்ற நிலையில் வாய்வழியே கடைவாய்ப்பல் எடுத்ததை 2005இல் வெளியிட்டார்கள். இன்று இதுவே முதல் தேர்வு.

வேலையின் போக்கு இது. கட்டுச்சட்டத்துக்குள் குதிரை நிற்கும். தலை ஒரு தாங்கியில் தொங்கும். வாய் இரும்புச் சட்டத்தால் திறந்து நிறுத்தப்பட்டிருக்கும். முதலில் ஈற்றைப் பல்லிலிருந்து பிரிப்பார்கள். பிறகு விரிப்பான் என்ற கருவியைப் பல்லுக்கு முன்னும் பின்னும் மாறிமாறி வைத்துச் சில நிமிடங்கள் அழுத்தி நிறுத்துவார்கள். நோக்கம் பல்லைப் பெயர்ப்பதன்று. பல்லைக் குழியோடு கட்டியிருக்கும் நார்கள் மெல்ல இழுபட்டு அறுந்தால் போதும். அதன்பின் நீளக் கைப்பிடிக் குறட்டைப் பூட்டி, கைப்பிடிகளை இறுகக் கட்டி, விரற்கடை அளவுகூட இல்லாத சிற்றசைவுகளாக ஆட்டத் தொடங்குவார்கள்.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். மருத்துவரின் தோள் வலிக்கும், பல் அசையாது. பிறகு குறட்டின் அசைவு மெதுவாகப் பெரிதாகும். ஈற்று விளிம்பில் நுரைத்த இரத்தம் வரும். சேற்றில் கால் வைத்து எடுத்தாற்போல ஒரு சளசளப்புச் சத்தம் கேட்கும். பல் விடுபட்டுவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே அடையாளம். அதைக் கேட்கும் முன் தூக்க முயன்றவர் பல்லை உடைப்பார். கேட்டபின் தூக்கியவர் முழுப்பல்லை எடுப்பார். அதற்கு முன்னுள்ள பல்லின்மேல் ஒரு சிறு கட்டையைத் தாங்கலாக வைத்து, குறட்டை அதன்மேல் சாய்த்து நெம்பினால் பல் எழும்பும். இதற்குள் மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகியிருக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

இங்கும் தவறுகள் நேரும். குறடு வழுக்கிப் பல்லின் தலை மட்டும் உடைந்து வரலாம். வேர் நுனி உள்ளேயே ஒடியலாம். நெம்புகோல் வழுக்கினால் அண்ணத்தின் ஓரமாக ஓடும் தமனி கிழிந்து இரத்தம் பீறிடும். துணியைத் திணித்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். 6ஆம், 7ஆம் பற்களுக்கு நடுவிலோ 10ஆம், 11ஆம் பற்களுக்கு நடுவிலோ விரிப்பானை முரட்டுத்தனமாகப் போட்டால் கோடியில் உள்ள நல்ல பல் தளர்ந்துவிடும். மணிக்கணக்கில் வாயைத் திறந்து வைத்ததால் தாடை மூட்டு வலித்து, ஓரிரு நாள் குதிரை தீனியில் ஆர்வம் காட்டாமல் இருப்பதும் உண்டு.

பல்குழியின் கணக்கு

இரண்டு முறைகளின் பின்விளைவுகளும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கான விடை பல் எடுத்த குழியில் இருக்கிறது. வாய்வழியே எடுத்தால் குழிக்கு ஒரு வாய்தான். அடியில் இருக்கும் மெல்லிய எலும்பு பெரும்பாலும் உடையாமல் இருக்கும். இரத்தம் உள்ளே உறைந்து, உறைந்த இரத்தத்தின்மேல் புதுச்சதை வளர்ந்து, குழி அடியிலிருந்து நிறைந்து வரும். தட்டித் தள்ளினால் அதே குழி இருபுறமும் திறந்த சுரங்கம் ஆகிவிடுகிறது. மேலே சைனஸ் அல்லது தோல்; கீழே வாய். மென்ற புல் கீழிருந்து ஏறும், சீழ் மேலிருந்து இறங்கும். உறைந்த இரத்தம் தங்க இடமே இல்லை. சுத்தியலின் அடியால் விரிசல்பட்ட குழிச்சுவர் இரத்த ஓட்டம் இழந்து செத்த எலும்பாகவும் மாறும்.

அதனால்தான் இரண்டு முறைகளிலும் குழியின் வாயை அடைப்பது கட்டாயமாகிறது. சிலிக்கான் அல்லது எலும்புச் சிமென்ட் உருண்டையைப் பக்கத்துப் பற்களில் பிடிமானம் கிடைக்கும்படி அழுத்தி வைப்பார்கள். அடைப்பு குழியின் மேற்பகுதியோடு நிற்க வேண்டும். ஆழம்வரை திணித்தால் சதை வளர இடமின்றி, ஆறுவதற்குப் பதில் குழி அப்படியே நிற்கும். வாய்வழி எடுத்த குழியில் அடைப்பு சில வாரங்கள் இருந்தால் போதும். தட்டி எடுத்த குழியில் அடைப்பே சிகிச்சையின் பாதி. அது முன்கூட்டியே கழன்று விழுந்தால் வாய்க்கும் சைனஸுக்கும் இடையே நிரந்தர வழி ஏற்பட்டுவிடலாம்.

துண்டை எடுப்பது

முதலில் இலேசான கணக்கைப் பார்ப்போம். வாய்வழி எடுத்தபின் சில வாரங்கள் ஆகியும் வாயில் துர்நாற்றம் போகவில்லை, மூக்குச்சளி நிற்கவில்லை, தாடை வீக்கம் வற்றவில்லை என்றால் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது. மறுபடி அரைமயக்கம் கொடுத்து, கண்ணாடியோ வாய் எண்டோஸ்கோப்போ கொண்டு குழியைப் பார்த்து, விரலால் தடவி, எக்ஸ்ரே எடுப்பார்கள். படம் தெளிவில்லையென்றால், நின்ற குதிரையின் தலையை மட்டும் சி.டி. ஸ்கேன் செய்யும் வசதி இன்று பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

மிச்சம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: உடைந்த வேர் நுனி, அல்லது குழிச்சுவரிலிருந்து பிரிந்த செத்த எலும்பு. செத்த எலும்பு விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். பழுத்த புண்ணில் மரச்சிராய் நிற்பதுபோல் ஆடும். சற்றுப் பொறுத்தால் தானே தளர்ந்து விரல்நுனிக்கு வந்துவிடுவதும் உண்டு. எடுத்துக் குழியைச் சுரண்டிக் கழுவினால், அதுவரை மாதக்கணக்கில் ஆறாத புண் விரைவில் மூடத் தொடங்கும்.

ஒடிந்த வேர் சற்றுப் பிடிவாதமானது. எண்டோஸ்கோப்பின் வெளிச்சத்தில் நீண்ட கொக்கிகளால் நெம்பிப் பார்ப்பார்கள். அது பலிக்காவிட்டால் கன்னத்தில் சிறு துளையிட்டு, குழாய் ஒன்றைச் செருகி, அதன்வழியே துண்டில் துளையிட்டு மரையாணியை முறுக்கி ஏற்றி, ஆணியோடு சேர்த்து இழுக்கும் முறை இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர்கள் இதைச் செம்மைப்படுத்தினார்கள். கன்னத்தில் ஓடும் முகநரம்பின் கிளைகளையும் உமிழ்நீர்க் குழாயையும் விலக்கித் துளை போட வேண்டும் என்பதே இதில் முக்கிய எச்சரிக்கை.

இதுவும் முடியாவிட்டால் உளி திரும்பி வருகிறது. வருவது பழைய உளியன்று. எக்ஸ்ரேயால் வழிகாட்டி, சில மில்லிமீட்டர் பருமனே உள்ள எஃகுக் கம்பியைச் சிறு துளை வழியே வேர்நுனியில் வைத்து, நின்ற குதிரையிலேயே மெதுவாகத் தட்டுவார்கள். நார்கள் ஏற்கெனவே அறுந்திருப்பதால் முழு வலிமை தேவையில்லை. பழைய முறையின் பெரிய துளையும் பலத்த அடியும் நீங்கி அதன் பயன் மட்டும் மிஞ்சியிருப்பதை இங்கே பார்க்கலாம். முழுப்பல்லை எடுக்கும் முதல் ஆயுதமாக இருந்தது, மீந்த துண்டை எடுக்கும் கடைசி ஆயுதமாகச் சுருங்கியிருக்கிறது.

ஓட்டையை மூடுவது

இப்போது கனமான கணக்கு. மேல்தாடைக் குழி மூடாமல் நின்றால் குதிரை மெல்லும் ஒவ்வொரு தடவையும் புல் சைனஸுக்குள் ஏறும். சைனஸைத் திறந்து பார்த்தால் அழுகிய தீனி களிமண்போல அப்பியிருக்கும். அந்த நாற்றம் அறையை விட்டுப் போக நேரமாகும். ஓட்டை சிறிதாக இருந்தாலும், தீனி போய்க்கொண்டிருக்கும்வரை மேலே எவ்வளவு கழுவினாலும் பயன் இல்லை.

இதற்கான அறுவையில் வரிசை முக்கியம். முதலில் காரணத்தைத் தேட வேண்டும். உள்ளே வேர்த்துண்டோ செத்த எலும்போ இருக்க, மேலே மூடினால் மூடியது பிய்ந்துகொள்ளும். இரண்டாவது, சைனஸைச் சுத்தம் செய்வது. நெற்றிப் பக்கத்து எலும்பில் துளை போட்டு எண்டோஸ்கோப் விடலாம். தீனி அதிகமாக அடைந்திருந்தால் மூன்று பக்கம் வெட்டி ஒரு பக்கம் மடக்கிய எலும்பு மடலைத் தூக்கிக் கையாலேயே அள்ளி எடுப்பார்கள். பிறகு மடலைத் திரும்ப மூடி, ஒரு குழாயை உள்ளே விட்டு, நாள்தோறும் லிட்டர் கணக்கில் உப்புநீர் செலுத்திக் கழுவுவார்கள். மூன்றாவதாகத்தான் ஓட்டை.

புதிய ஓட்டைக்குச் சிமென்ட் அடைப்பே போதும். அடியில் சதை வளர்ந்து வரும்வரை அடைப்பு அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. பழைய ஓட்டையின் ஓரத்தை வாய்த்தோல் வளைத்து மூடியிருக்கும். அது இனி தானாகச் சேராது. விளிம்பைச் சுரண்டிப் புண்ணாக்கித்தான் மீண்டும் ஆற வைக்க முடியும். அதுவும் போதாவிட்டால் அண்ணத்துத் தோலை எலும்பின் மேலுறையோடு பெயர்த்து மடலாக நகர்த்தி ஓட்டையின்மேல் தைப்பது ஒரு வழி. முகத்தில் மேலுதட்டை உயர்த்தும் தசையைப் பிரித்து, அதன் இரத்த ஓட்டம் கெடாமல் திருப்பிக் குழிக்குள் செருகி அடைப்பது இன்னொரு வழி. உயிருள்ள தசை அடைப்பாக இருப்பதால் சிமென்டைப் போல் அது கழன்று விழாது.

இவற்றில் எதுவும் முதல் முயற்சியிலேயே பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வாய்க்குள் போட்ட தையல் ஒவ்வொரு வேளைத் தீனிக்கும் ஈடுகொடுக்க வேண்டும். துண்டெடுப்பு பெரும்பாலும் ஒரே நாள் வேலை. ஓட்டை மூடுவது வாரங்களும் சில சமயம் மாதங்களும் இழுக்கும் வேலை. இரண்டு பின்விளைவுகளையும் தராசில் வைத்தால் கனம் எந்தத் தட்டில் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

கீழ்த்தாடையில் சைனஸ் இல்லை. ஆனால் புவியீர்ப்பு எதிரி. குழி கிணறாக மேலே வாய் திறந்திருப்பதால் தீனி தானாக உள்ளே விழும். தட்டி எடுத்ததில் அடியிலும் துளை இருந்தால் தின்றது தாடைக்கு வெளியே தோல்வழியாகக் கசிவதையே காணலாம். எலும்புக்குள் தொற்று பரவினால் தாடையின் கீழ்விளிம்பிலிருந்து திறந்து, கெட்ட எலும்பைச் சுரண்டி எடுத்து, வடிகால் வைத்து, மேலே வாய்ப்புறத்தை அடைத்து வைப்பார்கள். மேலே அடைப்பு நின்றால் கீழே புண் தானே ஆறும்; இந்த விதத்தில் கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் கருணையுள்ளது.

மட்டக்குதிரையின் கணக்கு வேறு

தோள் உயரம் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாதவற்றைப் பொதுவாக மட்டக்குதிரை என்கிறோம். குதிரைக்குச் சொன்னதையெல்லாம் சிறிதாக்கினால் மட்டக்குதிரைக்குப் பொருந்தும் என்று நினைப்பது தவறு. தலை சிறுத்த அளவுக்குப் பல் சிறுப்பதில்லை. குட்டை முகத்தில் பற்கள் நெருக்கியடித்து நிற்கும். வேர்களும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். உளி தப்பினால் பக்கத்து வேரைத் தொடும் வாய்ப்பு இங்கே அதிகம். வாய்வழி முறைக்கும் தடை உண்டு. வாய் குறைவாகத் திறக்கும். பெரிய குதிரைக்கான குறடு பின்பற்களை எட்டினாலும் திரும்ப இடமிருக்காது. தளர்ந்த நீளப்பல்லை முழுசாகத் தூக்க உயரம் போதாமல், வாய்க்குள்ளேயே இரண்டாக அறுத்து எடுக்க வேண்டிவரும்.

மயக்கத்தில் மட்டக்குதிரைக்கு ஒரு சாதகம். எடை குறைவாதலால் தசை நசுங்குவதும் எழும்போது கால் முறிவதும் குறைவு. பாதகம் உடல்வாகில் இருக்கிறது. கொழுத்த மட்டக்குதிரை வலியால் இரண்டு நாள் தீனி மறுத்தால் உடலின் கொழுப்பு இரத்தத்தில் பெருகி ஈரலைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெரிய குதிரை சற்றுப் பட்டினி தாங்கும், மட்டக்குதிரை தாங்காது. ஆகவே இதில் வலி மருந்தும், நனைத்துக் குழைத்த தீனியும் அறுவையின் பகுதியாகவே கருதப்படுகின்றன.

வயதான மட்டக்குதிரைகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மூளையடிச் சுரப்பியின் கோளாறு அவற்றில் சகஜம். உடம்பெங்கும் நீண்ட ரோமம் உதிராமல் நிற்பது அதன் வெளியடையாளம். அந்தக் கோளாறு தொற்றை எதிர்க்கும் வலிமையைக் குறைக்கிறது. குளம்பு அழற்சியையும் கூட்டி வருகிறது. ஆறாத பல்குழிக்கு உள்ளே துண்டைத் தேடித் தேடிக் காணாத மருத்துவர் இரத்தப் பரிசோதனையைக் கேட்டால், அது வீண் செலவன்று.

எது எப்போது

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தீர்ப்பு வாய்வழி முறைக்கே சாய்கிறது. குழி ஒருமுனையில் மட்டும் திறந்திருக்கிறது; முழு மயக்கம் வேண்டியதில்லை; மீறி நேரும் தவறு பெரும்பாலும் சிறு அறுவையில் தீர்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு எல்லை உண்டு. ஈறுமட்டத்திலேயே உடைந்து குறட்டுக்குப் பிடி கிடைக்காத பல், வேர் வீங்கி முடிச்சுப்போல் பெருத்து குழியில் சிக்கிய பல், தாடைக்குள் கோணலாகக் கிடக்கும் பல் ஆகியவற்றுக்கு வெளியிலிருந்துதான் வழி தேட வேண்டும். அங்கும் நேரே பெரிய உளிக்குப் போகாமல், முடிந்தவரை வாய்வழி நார்களைத் தளர்த்திவிட்டு, மரையாணி, மெல்லிய கம்பி என்று படிப்படியாக ஏறுவதே இன்றைய நடைமுறை. அந்தத் தளர்த்தலில் செலவிட்ட நேரம் கடைசி அடியின் வலிமையைக் குறைக்கிறது. குறைந்த அடி குழிச்சுவரைக் காப்பாற்றுகிறது.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான கடமைகள் மூன்று. எடுத்த பல்லை மேசைமேல் வைத்து வேர்நுனிகள் எல்லாம் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது முதலாவது. குழியை எக்ஸ்ரே எடுக்காமல் குதிரையை லாயத்துக்கு அனுப்பாதிருப்பது இரண்டாவது. சில வாரங்களில் மறுபடி வாயைத் திறந்து அடைப்பைப் பார்ப்பது மூன்றாவது. இவை தவறிய இடங்களில்தான் துண்டு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. ஓட்டையின் ஓரம் தோலால் மூடிக் கெட்டிப்படுகிறது.

ஆறிய பிறகும் கணக்கு முடிவதில்லை. எதிர்ப்பல்லுக்குத் தேய ஆள் இல்லாததால் அது வளர்ந்து இடைவெளிக்குள் இறங்கும். இருபக்கத்துப் பற்கள் இடைவெளியை நோக்கிச் சாயும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ அந்த எதிர்ப்பல்லை அராவிக் கொடுக்க வேண்டும், குதிரையின் ஆயுள் முழுதும். பல் எடுக்கும் நாளன்று உரிமையாளர் மருத்துவரிடம் எந்த முறை என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. உடைந்தால் அடுத்த படி என்ன, அதற்கான கருவியும் கையும் இங்கே இருக்கின்றனவா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள் என்றும் கேட்க வேண்டும். விடை தயாராக உள்ள மருத்துவர் எந்த முறையில் தொடங்கினாலும் குதிரை பிழைத்து மெல்லும்.